ஆர்டிஇ எல்கேஜி சீட்டுக்கு அலையுறவங்களுக்கு, செல்லூர் ஜெராக்ஸ் கடையில இருந்து

மதுரை செல்லூர்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் குடுப்பேன். சித்திரைத் திருவிழா நெருங்குற சமயம் ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் ஸ்கூல்ல இலவச சீட்டு கேக்குற கூட்டம் வரும். தகுதி எல்லாம் இருந்தும் ஒரு பேப்பரால, ஒரு தேதியால சீட்டு போனவங்களப் பாத்துப் பாத்து நொந்துபோய்த்தான் இத எழுதுறேன்.

சட்டம் என்னன்னா, 2009ல வந்த இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிக்கூடங்க எல்கேஜில 25 சதவீதம் சீட்டு ஏழைப்பட்ட பிள்ளைகளுக்குக் குடுக்கணும், எட்டாவது வரைக்கும் பீஸ அரசாங்கம் கட்டும். அவ்ளோதான் சட்டம், மிச்சம் பூரா அலைச்சல்.

2025ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா திரும்பவும் நடக்கலாம். புதிய கல்விக் கொள்கைய ஏத்துக்கணும்னு சொல்ற பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்டத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலைன்னு, பள்ளிக்கல்விக்குக் குடுக்குற சமக்ர சிக்ஷா பணம் 2152 கோடிய மத்திய அரசு நிறுத்தி வச்சிருச்சு, அங்கிருந்து பணம் வராம நாங்க எப்படி அட்மிஷன் போடுறதுன்னு மாநில அரசு சொல்ல, ஏப்ரல்ல திறக்க வேண்டிய வெப்சைட்டு ஏப்ரலும் திறக்கல, மே மாசமும் திறக்கல. ஜூன்ல ஹைகோர்ட்டு ஆர்டிஇ பணத்தப் புதிய கல்விக் கொள்கையோட முடிச்சுப் போடக் கூடாதுன்னு சொல்லுச்சு. கடைசில அக்டோபர்ல கொஞ்சம் பணம் வந்து அட்மிஷன் ஆரம்பிச்சாங்க, ஆனா எப்படின்னா அந்தந்தப் பள்ளிக்கூடத்துல ஏற்கனவே எல்கேஜில சேந்து படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும். அதாவது ஜூன்லயே பீஸ் கட்டிச் சேக்க முடிஞ்சவங்களுக்கு இலவச சீட்டு, கட்ட வக்கில்லாதவங்களுக்கு ஒண்ணுமில்ல. இத எந்த மூளை யோசிச்சுச்சோ தெரியல.

எங்க தெருவுல பூக்கட்டுற ஒரு அக்கா, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியக்காலம் போயிட்டு வர்றவங்க. மஞ்சப்பைக்குள்ள பாலித்தீன் கவர் போட்டு, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு, நாலு போட்டோ எல்லாம் பங்குனியிலேயே ரெடியா வச்சிருந்தாங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா கடைக்கு வந்து "தம்பி, திறந்துட்டாங்களா?"ன்னு கேப்பாங்க. ஜூன் முதல் வாரம் ஸ்கூல்ல போய்க் கேட்டா முதல் டேர்ம் கட்டிச் சேத்துருங்க, ஆர்டிஇ வந்தாப் பாத்துக்கலாம்னுருக்காங்க. முழம் போட்டு விக்கிறவங்க எங்கிட்டுப் போவாங்க. பையன் அங்கன்வாடிக்குப் போனான். அக்டோபர் அறிவிப்ப நான்தான் வாசிச்சுக் காட்டுனேன், "அப்ப நமக்கு இல்லையா?"ன்னு கேட்டுட்டு பைய மடிச்சு வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

இப்ப முக்கியமான பொறி ஒண்ணு. ஆர்டிஇ சீட்டு நுழைவு வகுப்புக்கு மட்டுந்தான். இந்த வருசம் காசு கட்டி எல்கேஜி சேத்துட்டு, அடுத்த வருசம் யுகேஜிக்கு ஆர்டிஇல மாத்திக்கலாம்னு ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கவங்களே சொல்லுவாங்க, நம்பாதீங்க. எல்கேஜின்னா ஜூலை 31ல பிள்ளைக்கு மூணு வயசு முடிஞ்சிருக்கணும். 2025-26க்கு 1.8.2021ல இருந்து 31.7.2022க்குள்ள பொறந்த பிள்ளைங்கதான். ஒரு வருசம் தப்புனா அம்புட்டுத்தான்.

அடுத்து சிறுபான்மைப் பள்ளிக்கூடம். நம்ம ஊர்ல பேர்போன ஸ்கூல்ல நிறைய அந்தக் கணக்குல வரும், 2014ல சுப்ரீம் கோர்ட்டே அவங்களுக்கு இந்தச் சட்டம் இல்லைன்னு சொல்லிருச்சு. அங்க போய் வாட்ச்மேன்கிட்ட சண்டை போட்டு நேரத்த வீணாக்காதீங்க, வெப்சைட்டு லிஸ்ட்டுல அந்த ஸ்கூல் பேரு இருக்கான்னு மொதல்ல பாருங்க.

வருமானச் சான்றுக்கு அலையுறவங்கள்ல பாதிப் பேருக்கு அது தேவையே இல்லைங்கிறதுதான் கொடுமை. எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசின்னா சாதிச் சான்றிதழ் வச்சு வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல போடலாம். நலிவடைந்த பிரிவுல போடுறவங்களுக்குத்தான் வருசம் ரெண்டு லட்சத்துக்குள்ளன்னு வருமானச் சான்று. இது தெரியாம விஏஓ ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையா நடக்குறாங்க. வேணும்ங்கிறவங்க ஜனவரி பிப்ரவரியிலயே இ-சேவைல போட்டுருங்க, கட்டணம் 60 ரூபா. மே ஜூன்ல போனா ஜமாபந்தின்னு (வருசா வருசம் நடக்குற நிலக் கணக்குத் தணிக்கை) சொல்லி விஏஓ ஆளே சிக்க மாட்டாரு, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) டேபிள்ல தூங்கும், அப்புறம் ஆவணம் தெளிவா இல்லைன்னு திரும்பி வரும். போன்ல மங்கலா போட்டோ எடுத்து ஏத்தாதீங்க, ஸ்கேன் பண்ணுங்க.

எந்த அப்ளிகேஷன் போட்டாலும் உங்க போன் நம்பரக் குடுங்க. எங்கள மாதிரிக் கடைக்காரங்க அவசரத்துக்கு எங்க நம்பரப் போட்டுருவோம், நானே ஆரம்பத்துல அப்படிப் போட்டுத் திட்டு வாங்கிருக்கேன். அப்புறம் ஓடிபியும் எங்களுக்கு, மெசேஜும் எங்களுக்கு, உங்களுக்குத் தகவலே வராது. அப்ளிகேஷன் நம்பர் இருக்க பிரிண்ட் அவுட்ட வாங்காமக் கடைய விட்டு இறங்காதீங்க.

எல்லாத்தையும் விட அதிகமா ரிஜெக்ட் ஆகுறது ஒரு கிலோமீட்டர் கணக்குலதான். பிள்ளை வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துல இருந்து பொழப்புக்கு வந்து விளாங்குடிலயும் அனுப்பானடிலயும் வாடகைக்கு இருக்கவங்களுக்கு ரேஷன் கார்டு ஊர்லயே கிடக்கும், பொங்கலுக்குப் போய் வேட்டி சேலை வாங்கணும்ல. ஆனா அப்ளிகேஷன்ல அந்த அட்ரசப் போட்டா மதுரை ஸ்கூலுக்கு நாப்பது அம்பது கிலோமீட்டர். வாடகை ஒப்பந்தம் கேட்டா வீட்டுக்காரரு வரி வந்துரும்னு பயந்து எழுதித் தர மாட்டாரு. அதனால இப்பவே ரேஷன் கார்டையும் ஆதாரையும் இருக்க வீட்டு அட்ரசுக்கு மாத்திருங்க. மாத்த மாசக்கணக்குல இழுப்பாங்க, அட்மிஷன் நேரத்துல போய் ஒண்ணும் ஆகாது.

பேரு ஸ்பெல்லிங்கும் அப்படித்தான். பிறப்புச் சான்றுல அப்பா பேரு முத்துபாண்டி, ஆதார்ல முத்துப்பாண்டி, ஒரு ப் இல்லைன்னு ஒரு ஆள நாலு நாள் அலையவிட்டத நான் பாத்தேன்.

சீட்ட விட அதிகமா ஆளுக வந்தா குலுக்கல் ஸ்கூல்லயே நடக்கும். வேலைக்கு லீவு போட்டாவது நேர்ல போங்க, சும்மா நில்லுங்க போதும். தகுதி இல்லைன்னு தள்ளுனா காரணத்தோட நோட்டீஸ் போர்டுல ஒட்டணும், அத போட்டோ எடுத்துக்கங்க. "சீட்டு முடிஞ்சிருச்சு"ன்னு வாயால சொல்றது கணக்குலயே வராது. பிள்ளைய ஏபிசிடி சொல்லச் சொல்றது, அப்பா அம்மாவ இன்டர்வியூ பண்றது எல்லாம் சட்டப்படி தப்பு, மொதல் தடவைக்கே 25,000 ரூபா வரைக்கும் அபராதம் இருக்கு.

சீட்டு கிடைச்ச பிறகும் விட மாட்டாங்க. அரசாங்கம் எங்களுக்குப் பாக்கி வச்சிருக்கு, அதனால நீங்க கட்டுங்கம்பாங்க. பாக்கி வச்சிருக்கது உண்மையாவே இருக்கலாம், அது அவங்களுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள வழக்கு, நம்ம பிள்ளைக்கு என்ன. புக்கு, யூனிபார்ம், ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழான்னு விதவிதமா கேப்பாங்க. எதக் கட்டுனாலும் ஸ்கூல் பேரு போட்ட ரசீது இல்லாமக் கட்டாதீங்க, ஜிபே பண்ணா ஸ்கூல் அக்கவுண்டுக்குப் பண்ணுங்க, கிளார்க் நம்பருக்கு இல்ல. 2025ல தேர்வான பிள்ளைகளுக்கு வாங்குன பீஸத் திருப்பிக் குடுக்கணும்னு உத்தரவு இருந்துச்சு, ரசீது இல்லாதவங்க என்னத்தக் காட்டிக் கேப்பாங்க.

புகார்னா போன்ல பேசி விட்டுறாதீங்க. தனியார் பள்ளிகளுக்குன்னு தனியா மாவட்டக் கல்வி அலுவலர் இருக்காரு, அவருக்கு ஒரு பக்கத்துல எழுதி, காப்பில சீல் வாங்கிக்கங்க. அங்க அசையலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு. பள்ளிக்கல்வி உதவி நம்பர் 14417, முதல்வர் உதவி மையம் 1100 ரெண்டுக்கும் கூப்பிடலாம், ஆனா புகார் நம்பரக் குறிச்சு வைங்க.

சீட்டு வரலைன்னா பிள்ளைய வீட்ல வைக்காதீங்க. அங்கன்வாடில இந்தப் பேப்பர் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, சாப்பாடு உண்டு, வாரத்துல மூணு நாள் முட்டை உண்டு. அரசுப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகள்ல 2019ல எல்கேஜி யுகேஜி ஆரம்பிச்சாங்க, 2381 இடத்துல. 2022ல அதயும் மூடுறோம்னு சொல்லி, சனம் கத்துன பிறகு சில நாள்லயே இல்லை இல்லை நடக்கும்னாங்க. அதனால பக்கத்துல இருக்குன்னு யாரோ சொன்னாங்கன்னு நம்பாம, டீச்சர் இருக்காங்களான்னு நேர்ல போய்ப் பாத்துட்டுச் சேருங்க.

அந்தப் பூக்கட்டுற அக்கா போன வாரம் சின்னவ பிறப்புச் சான்ற எடுத்துக்கிட்டு வந்தாங்க, அதே மஞ்சப்பை. பிரிச்சுப் பாத்தா குழந்தை பேரு இருக்க வேண்டிய இடம் காலியா கிடக்கு, ஆஸ்பத்திரில பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சது. இத வச்சு அப்ளிகேஷன் போட்டா சிக்கல்தான்க்கான்னு சொல்லி, பேரு சேக்க கார்ப்பரேஷனுக்கு மனு எழுதிக் குடுத்தேன். நாளைக்குப் பூ போடப் போகல, அங்க போறேன்னாங்க.