‘சார்புநிலை’ அல்ல, பிணைப்பு

ஒரு பணி இன்னொரு பணியால் கட்டுப்படுவதைத் திட்டமிடல் பாடங்களில் ‘டிபெண்டன்சி’ என்கிறார்கள். அந்தச் சொல் வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘சார்புநிலை’ என்று போட்டுவிடுகிறார்கள். மூலம் லத்தீன்: ‘கீழே தொங்கு’ என்று பொருள். பெண்டுலத்துக்கும் அதே வேர். வேர் பற்றி இவ்வளவு போதும்.

‘சார்பு’க்கு ஏற்கெனவே வேலை அதிகம். கணக்கில் அது ஃபங்ஷன், செய்தியில் ஒருதலைப்பட்சம், கடிதத்தில் ‘சார்பாக’. எதனோடும் கட்டுப்படாத பணியைச் ‘சார்பற்ற பணி’ என்றால், ஏதோ நடுநிலை வகிக்கும் பணி போலத் தொனிக்கிறது. கூடவே ஒரு ‘நிலை’ வேறு. எதற்கும் ‘நிலை’யை ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடும் என்ற நம்பிக்கை மொழிபெயர்ப்பாளர்களை விட்டுப் போவதாக இல்லை.

பெரிய கோளாறு வேறு. ‘நிலை’ என்றால் அது ஒரு பணியின் தன்மை என்றாகிறது. கட்டுமானப் பொறியியல் பேராசிரியர் ஜான் ஃபாண்டால் 1961-இல் முன்வைத்த வரைபட முறையில் பணி ஒரு கட்டம். இரு கட்டங்களை இணைக்கும் கோடுதான் டிபெண்டன்சி. அந்தக் கோட்டுக்கென்று தனி வகை உண்டு, தனி நாள்கணக்கு உண்டு. ஆகவே ‘பணிப்பிணைப்பு’ என்பதே பொருந்தும். முன்னால் இருப்பது முற்பணி, அதனால் கட்டுப்படுவது பிற்பணி.

பிணைப்பின் நான்கு வகைகளுக்கு வைத்த பெயர்கள் இன்னும் மோசம். ‘முடிவிலிருந்து தொடக்கம் வரை’ என்று படித்தால் யாருக்கு என்ன புரியும்? முடிந்தபின் தொடங்கல், தொடங்கியபின் தொடங்கல், முடிந்தபின் முடித்தல், தொடங்கியபின் முடித்தல் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வகை அரிது: அடுத்த ஷிப்ட் காவலர் பணி தொடங்கிய பிறகே முந்தையவர் பணி முடிக்கலாம். இங்கே அடுத்தவர் வேலைதான் முற்பணி! ‘சார்ந்தது’ என்று மட்டும் எழுதினால் இந்த நான்கில் எது என்று தெரியாமல், எல்லாவற்றையும் முதல் வகையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

முற்பணிக்கும் பிற்பணிக்கும் நடுவே விட வேண்டிய நாள்கள்தான் ‘லேக்’. அதைத் ‘தாமதம்’ என்பதுதான் உச்சம். தளத்துக்குக் கான்கிரீட் போட 1 நாள். முட்டுகளைக் கழற்ற 14 நாள் பொறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே யாரும் தாமதிக்கவில்லை, கான்கிரீட் இறுகுகிறது. ‘இடைவெளி’ என்று எழுதி, அந்த 14 நாளைப் பிணைப்பில் பதிய வேண்டும். தாமதம் என்று நினைத்துப் பணியின் காலத்தோடு கூட்டி 15 நாள் என்று பதிந்தால், கான்கிரீட் ஆட்கள் 15 நாளும் அங்கேயே வேலை செய்வதாக அட்டவணை காட்டும். அடுத்த தளத்துக்கு ஆளே இல்லை என்று எச்சரிக்கும்.