பெட்டிக்குள் இல்லாத வால்வு

அக்கா மகன் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிவிட்டான். அடுத்து ஆம்ப், அதாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. "மாமா, நாற்பது வாட்ஸ் போதுமா?" என்று கேட்டான். அவர்கள் இருப்பது சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீவக அடுக்குமாடி வீடு. பக்கத்து வீட்டுப் பாட்டி தும்மினால் இவர்கள் ஹாலில் கேட்கும். "ஐந்தே போதும்டா, அதையும் நீ முழுசாகத் திறக்கப் போவதில்லை" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

வாட்ஸ் வேறு, சத்தம் வேறு. காதுக்கு ஓசை இரண்டு மடங்காகத் தோன்ற, சக்தி ஏறக்குறையப் பத்து மடங்காக வேண்டும். ஸ்பீக்கர் ஒன்றேயானால், 40 வாட்ஸை 4 ஆக்கினாலும் ஓசை பாதியாகத்தான் குறையும். கிட்டாருக்கென்றே செய்த 12 அங்குல ஸ்பீக்கர்கள் பல, ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தள்ளி 95 டெசிபெலுக்கு மேல் முழங்கும். படுக்கையறையில் அது சண்டைக்கு அழைப்பு.

சிக்கல் என்னவென்றால், ராக் இசையின் அந்த உறுமல், பழைய வால்வு ஆம்ப்களை முழுச் சத்தத்தில் திணறத் திணற ஓட்டியபோது பிறந்தது. வால்வு என்பது பழைய ரேடியோக்களில் ஒளிர்ந்த கண்ணாடிக் குழாய். வால்வால் ஓரளவுக்கு மேல் மின் அலையை உயர்த்த முடியாது. பழைய வீட்டுத் தாழ்வான நிலைப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். வால்வுக்குள் நுழையும் அலை, தெரிந்த விருந்தாளியைப் போலத் தலையைக் குனிந்துகொள்ளும். சாதாரண டிரான்சிஸ்டர் சுற்றில் நெற்றியில் பலமாக இடித்துக்கொள்ளும், அலையின் உச்சி வெட்டினாற்போல் தட்டையாகிவிடும்.

அலை வளைந்தால் புதிய சுரங்கள் முளைக்கும். தம்புராவில் சட்ஜத் தந்தியை மீட்டினால் யாரும் தொடாத காந்தாரம் மெல்லக் கேட்கிறதல்லவா? அது மூல அதிர்வெண்ணின் ஐந்தாம் மடங்கு. தம்புராவில் தந்தியும் அதனடியில் செருகும் ஜீவாளி நூலும் செய்வதை இங்கே வால்வு செய்கிறது. முதல்நிலை வால்வு அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே மாதிரி வளைப்பதில்லை. அதனால் இரண்டாம் மடங்கு, அதாவது மேல் சட்ஜம், கூடுதலாகச் சேரும். 'சூடான ஒலி' என்று கிட்டார்காரர்கள் உருகுவதில் பெரும்பங்கு இதுதான்.

சத்தமில்லாமல் அந்த உறுமல் வேண்டுமென்றால் வழி மாடலிங் ஆம்ப். அது வால்வு இல்லாமலே இந்த வளைவைக் கணக்காகப் போடுகிறது. தந்தியின் மின் அலையை நொடிக்கு 48,000 முறை போல அளந்து எண்களாக்கும். சிறிய எண் அப்படியே போகும். பெரிய எண் குனிந்து போகும். எவ்வளவு குனிய வேண்டும் என்பது எந்த ஆம்பைப் போலச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1996இல் லைன் 6 நிறுவனம் ஆக்ஸிஸ் 212 என்ற ஆம்பில் இந்த வித்தையைக் கடைக்குக் கொண்டுவந்தது. இப்போதோ அசல் ஆம்பைக் கேட்டுக் கேட்டு கணினியின் செயற்கை நரம்பு வலைப்பின்னலே அந்த வளைவைக் கற்றுக்கொள்கிறது.

வளைத்தால் மட்டும் போதாது. அந்த ஒலியை நேரே ஹெட்போனில் கேட்டால் குளவிக்கூடு கலைந்தது போலிருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடக்கிவிடும். அந்த அடக்கமும் கணக்கில் வர வேண்டும். காலி மண்டபத்தில் ஒருமுறை கைதட்டினால் மண்டபத்தின் குணம் எதிரொலியில் தெரியும். அதே போல ஒரு நொடிப்பொழுதுத் துடிப்புக்கு ஸ்பீக்கர் பெட்டி கொடுக்கும் பதிலைப் பதிவுசெய்து, வாசிக்கும் ஒவ்வொரு சுரத்தோடும் கலக்கிறார்கள்.

இந்தக் கணக்கு சோம்பலாக எழுதப்பட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். 48,000 அளவுகளில் 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிபடும். அதைத் தாண்டும் சுரங்கள், சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போல, கீழே மடங்கி வந்து சம்பந்தமில்லாத ஒலியாகக் கேட்கும். சோதிப்பது எளிது. டிஸ்டார்ஷனை, அதாவது அந்த உறுமலை, முழுக்க வைத்து, உயரமான சுரத்தில் தந்தியை மெதுவாக வளையுங்கள். சுரம் மேலே ஏறும்போது பின்னால் ஏதோ ஒரு கீச்சொலி கீழே இறங்கினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

சிட்டி ஹால் அருகே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே போனதும் பையன் 'எத்தனை ஆம்ப் மாடல்கள் உள்ளே?' என்று எண்ண ஆரம்பித்தான். நூறு இருந்தாலும் நாலைத்தான் வாசிக்கப் போகிறான். கிட்டாரின் வால்யூம் திருகைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்ல மாடலில் கறகறப்பு தெளிந்து, மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும். மோசமானதில் அதே கறகறப்பு, ஓசை மட்டும் குறைந்து.

அதையும் வீட்டில் வாசிக்கும் சத்தத்தில்தான் கேட்க வேண்டும். ஓசை குறையும்போது காது கீழ்ச்சுரங்களை அதிகமாக இழக்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். கடையில் அலறவிட்டுப் பிடித்துப்போன ஒலி வீட்டில் சப்பென்று இருப்பது இதனால்தான். தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மூன்று அங்குல ஸ்பீக்கருக்கு அது எட்டாது. ஆனால் அதன் மடங்குகளான 165, 247 ஹெர்ட்ஸ் கேட்டால் மூளை 82ஐத் தானே இட்டுக்கொள்ளும். சின்னப் பெட்டிகள் பிழைப்பது நம் மூளையின் தயவில்.

ஹெட்போனுக்கு வயர் அவசியம். சாதாரண புளூடூத்தில் ஒலி 150 மில்லிநொடி போலத் தாமதமாகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் 50 மீட்டர் போய்விடும். எதிர் புளோக்கில் ஆம்பை வைத்துவிட்டு இங்கிருந்து வாசிப்பது போலத்தான்.

கடைசியில் ஐந்தரைக் கிலோ பெட்டி ஒன்றும் மூன்று மீட்டர் ஹெட்போன் வயரும் வாங்கினோம். வாட்ஸ் எத்தனை என்று அவன் பார்க்கவே இல்லை. எம்ஆர்டியில் திரும்பும்போது மடியில் வைத்துக்கொண்டே திருகுகளைத் திருகிக்கொண்டு வந்தான்.