பிளீச்சும் ஆசிடும் ஒரே தரையில் சேர்ந்தால்

டாய்லெட் கிளீனர் ஊற்றித் தேய்த்தும் மஞ்சள் கறை போகவில்லை என்றால், அடுத்து கை நீள்வது பிளீச்சுக்குத்தான். இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று தோன்றும். வீட்டில் நடக்கக்கூடிய மிக மோசமான ரசாயனக் கலப்புகளில் ஒன்று இது.

அமில வகை டாய்லெட் கிளீனரில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். திரவ பிளீச்சில் இருப்பது சுமார் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். காரத்தன்மை இருக்கும்வரைதான் பிளீச் நிலையாக இருக்கும். அமிலம் பட்டதும் சிதைந்து குளோரின் வாயு கிளம்பிவிடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான்.

எவ்வளவு வரும்? 100 மி.லி. பிளீச்சோடு 50 மி.லி. கிளீனர் முழுதாக வினைபுரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் குளோரின். ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறையில் இருப்பது சுமார் 6,800 லிட்டர் காற்று. வாயுவில் பாதி தண்ணீரிலேயே கரைந்து நின்றாலும், பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்குக்கு மேல் குளோரின் ஆகிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வல்லுநர்கள் வகுத்த அளவு வெறும் 10 பங்கு. அரை டம்ளர் பிளீச் போதும், அதைத் தாண்ட.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் முதலில் தரையோடு பரவும். குத்தவைத்துத் தேய்ப்பவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான். மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிறது. காரமான நெடியோடு கண் எரிந்தால், கழுவிவிடலாம் என்று நிற்காமல் கதவைத் திறந்துபோட்டு வெளியே வாருங்கள். கண்ணைக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். இருமல் அடங்கினாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். மூச்சு வாங்கினால் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

வினிகரும் எலுமிச்சையும்கூட அமிலம்தான். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடு பிளீச் சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். மூத்திர நாற்றம் அடிக்கும் தரையிலும் அதே கதை. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே பிளீச்.

கிருமி நீக்க, 5 சதவீத பிளீச் 20 மி.லி. ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரில் போதும். அழுக்கு பிளீச்சைத் தின்றுவிடும், அதனால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, பிறகு தடவி 10 நிமிடம் விடவேண்டும். வெந்நீர் ஊற்றினால் வீரியம் போய்விடும். கரைசலை அன்றன்றைக்கே கலக்குங்கள்.

வெயில் படும் ஜன்னலில் வைத்த பிளீச் பாட்டில் உப்பிப்போவது, உள்ளே அது சிதைந்து ஆக்சிஜன் சேர்வதால். ஈரம் பட்ட பிளீச்சிங் பவுடரும் மூடிய டப்பாவுக்குள் குளோரினை விடும். எனவே நிழலான, உலர்ந்த இடம். ஆசிட் பாட்டில் வேறொரு அலமாரியில். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தண்ணீரில் கலந்த ஃபினாயில் பால் போலவே வெள்ளையாக இருக்கும்; குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை சுடும், ஃபினாயிலின் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். வாயைக் கொப்பளிக்க வைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மீந்ததைக் கொட்டுவதைவிடப் பயன்படுத்தித் தீர்ப்பதே நல்லது. கொட்டியே ஆகவேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு பொருள், கொஞ்சம் கொஞ்சமாக, நிறையத் தண்ணீரோடு கழிப்பறையில். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் முழுப் பாட்டில் பிளீச்சை ஒரே மூச்சில் ஊற்றினால் மலத்தை மட்கச் செய்யும் பாக்டீரியா செத்துப்போகும். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, வேறு யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்காதபடி அடியில் ஓட்டை போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள்.