டே ஃபார் நைட்: தமிழில் ‘இரவாக்கம்’

பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை இரவில் எடுத்ததுபோல் தோன்றச் செய்யும் முறையை ஒளிப்பதிவுத் துறையினர் ‘டே ஃபார் நைட்’ என்கின்றனர். இத்தொடரில் வரும் ‘ஃபார்’ என்பது ‘பதிலாக’ என்னும் பொருளைத் தருவதால், இரவுக்குப் பதிலாகப் பகல் என்பதே இதன் நேர்ப்பொருள். இரவுக் காட்சியை உண்மையிலேயே இரவில் எடுப்பதற்கு ‘நைட் ஃபார் நைட்’ என்று பெயர்.

இதே முறையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘அமெரிக்க இரவு’ என்னும் பொருள்பட ‘நுயி அமெரிக்கேன்’ என்று அழைக்கின்றனர். ஹாலிவுட் படங்களோடு இம்முறையை இணைத்துப் பார்த்ததால் வந்த பெயர் அது. ஜெர்மன், ஸ்பானிய மொழிகளிலும் அமெரிக்க இரவுதான். இத்தாலியில் மட்டும் ‘எஃபெத்தோ நோத்தே’, அதாவது இரவுத் தோற்றம். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1973இல் எடுத்த படத்துக்குப் பிரெஞ்சில் அமெரிக்க இரவு என்று பெயர். ஆங்கிலத்தில் அது ‘டே ஃபார் நைட்’ ஆயிற்று. ஆக, ஆங்கிலம் பகலும் இரவும் இடம் மாறுவதைச் சொல்கிறது, பிரெஞ்சு வந்த இடத்தைச் சொல்கிறது, இத்தாலியம் கண்ணுக்குத் தெரியும் விளைவைச் சொல்கிறது. தமிழ்ச்சொல் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்ய, இம்முறை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெயர் ஹாலிவுட்டைச் சுட்டினாலும் செயல் திரைப்படத்துக்கும் முந்தியது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1856இல் கடலில் நிற்கும் ஒரு பாய்க்கப்பலைச் சூரியனுக்கு எதிர்முகமாக நின்று படமெடுத்தார். வானம் கறுத்து, நீர்ப்பரப்பில் ஒளி மட்டும் மின்னிய அந்தப் படம் நிலவொளிப் படமாகவே அறியப்பட்டது. நிலவொளியில் அசையும் கப்பலைத் தெளிவாகப் பதிவுசெய்யும் வேகம் அன்றைய கண்ணாடித் தகடுகளுக்கு இல்லை.

பேசாப்பட காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, பிரதியின் அப்பகுதிக்கு நீலச் சாயம் ஏற்றினர். 1922இல் வெளிவந்த ‘நோஸ்ஃபெராட்டு’வில், சூரிய ஒளி பட்டாலே அழிந்துபோகும் இரத்தக்காட்டேரி, சாயமற்ற பிரதிகளில் நல்ல வெயிலில் நடந்துபோவதுபோல் தெரிவது இதனால்தான். சாயம் போனால் இரவும் போய்விடுகிறது.

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில், கேமரா வில்லையின் முன் பொருத்தும் சிவப்பு வடிகட்டி இந்த வேலையைச் செய்தது. அது வானின் நீல ஒளியைத் தடுப்பதால் வானம் கறுக்கும். ஆனால் அதே வடிகட்டி நடிகரின் முகத்தையும் உதட்டையும் வெளுக்கச் செய்துவிடும் என்பதால், ஒப்பனையை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. அகச்சிவப்புப் படச்சுருளில் வானம் இன்னும் கறுக்கும். அங்கே மரத்தின் இலைகள் பனி படர்ந்தவைபோல் வெளுத்துவிடும். வண்ணப்படம் வந்தபின், விளக்கொளியின் நிறத்துக்கு ஏற்பச் சமன்செய்து தயாரித்த படச்சுருளை, வழக்கமாகப் பொருத்தும் ஆரஞ்சு வடிகட்டி இல்லாமல் வெயிலில் ஓட்டினாலே படம் நீலமாகிவிடும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டனர். அதோடு இரண்டு ஸ்டாப் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைப்பார்கள், அதாவது வர வேண்டிய ஒளியில் கால் பங்கை மட்டும் உள்ளே விடுவார்கள்.

நிலவொளி என்பது நிலவின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியே; முழுநிலவைவிடச் சூரியன் ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு பிரகாசமானது என்பதுதான் பெரிய வேறுபாடு. ஒரே திசையிலிருந்து வரும் ஒளியும், கூர்மையான விளிம்புள்ள நிழலும் இரண்டுக்கும் பொது. ஆகவே, சூரியனைப் பாத்திரங்களின் பின்புறம் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால், அது நிலவாகவே நிற்கிறது. எத்தனை பெரிய விளக்கைக் கொண்டுவந்தாலும் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் அப்படி ஒளியூட்ட முடியாது என்பதால், பரந்த நிலப்பரப்புக்கு இம்முறை இன்றும் தேவைப்படுகிறது.

ஆனால் நிலவொளி நீலமானதன்று. அதைச் சூரிய ஒளியோடு ஒப்பிட்டால் சற்றே செம்மை கூடியது. மங்கிய வெளிச்சத்தில் நிறங்களைப் பிரித்தறியும் நம் விழித்திரையின் கூம்புச் செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் வேலை செய்யத் தொடங்க, சிவப்பு முதலில் கறுத்து, நீலமும் பச்சையும் ஒப்பளவில் வெளிச்சமாகத் தெரிகின்றன. செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த இந்த மாற்றத்தைத்தான் திரையின் நீலம் நினைவூட்டுகிறது. எனவே, நீலத்தை அளவுக்கு மீறிக் கூட்டுவதைவிட, எல்லா நிறங்களின் அடர்த்தியையும் குறைத்து, அதன்மேல் சிறிதளவு நீலம் சேர்ப்பதே இரவுக்கு நெருக்கமானது.

டிஜிட்டல் காலத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி படப்பிடிப்புக்குப் பின் கணினியில் நடக்கிறது. ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015) படத்தின் இரவுக் காட்சிகளை நமீபியப் பாலைவனத்தில் வேண்டுமென்றே மிகை வெளிச்சத்தில் எடுத்துப் பின்னர் இருட்டாக்கினர், நிழலுக்குள் இருக்கும் நுணுக்கங்கள் புள்ளி புள்ளியாகச் சிதையாமல் கிடைப்பது அதன் பயன். 2022இல் வந்த ‘நோப்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஹொய்த்தே வான் ஹொய்தெமா, அகச்சிவப்பு டிஜிட்டல் கேமராவையும் 65 மி.மீ. படச்சுருள் கேமராவையும் இணைத்து, ஒரே காட்சியை இரண்டிலும் பதிவுசெய்து ஒன்றாக்கினார். கறுத்த வானம் ஒன்றிலிருந்தும் நிறம் மற்றொன்றிலிருந்தும் வந்தன. பழைய அகச்சிவப்பு உத்தியே புதிய வடிவில் திரும்பியிருக்கிறது.

இனித் தமிழ்ச்சொல். ‘பகலிரவு’ சுருக்கமானது, ஆனால் அது பகலும் இரவும் என்றே பொருள்படும், கிரிக்கெட்டில் வழங்கும் பகலிரவு ஆட்டத்தையும் நினைவூட்டும். ‘பொய்யிரவு’ கேட்க இனிமையாக இருப்பினும், நிலவின் ஒளியே சூரியனிடமிருந்து வருவது என்று தெரிந்தபின் இம்முறையைப் பொய் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘அமெரிக்க இரவு’ நமக்குப் பொருளே தராது. இங்கே நடப்பது ஆக்குதல். ‘இரவைப் பகலாக்கி’ என்பது நம் பேச்சில் முன்பே உள்ள வழக்கு. அதைத் திருப்பிப் ‘பகலை இரவாக்குதல்’ என்றால் விளக்கமின்றியே புரியும். உருவாக்கம், நூலாக்கம், தமிழாக்கம் என்னும் வரிசையில் ‘இரவாக்கம்’ இயல்பாகப் பொருந்துகிறது.

இதை வினையாகவும் பெயரடையாகவும் விரிக்க முடிகிறது: இரவாக்கிய காட்சி, இரவாக்க வடிகட்டி, ‘இந்தப் படத்தை இரவாக்கித் தாருங்கள்’. இருட்டாக்குதல் என்னும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படத்தின் வெளிச்சத்தைக் குறைப்பது மட்டும் இருட்டாக்கம்; வானத்தைக் கறுக்கச் செய்து, நிறத்தை மங்கவைத்து, சன்னல்களிலும் தெருவிளக்குகளிலும் ஒளி ஏற்றுவது வரை எல்லாம் சேர்ந்ததே இரவாக்கம். சூரியன் மறைந்தபின் கிடைக்கும் சிறுபொழுதில் எடுத்து இரவாகக் காட்டுவதை ‘அந்தி இரவாக்கம்’ எனலாம். உண்மையான இரவில் எடுப்பதற்கு ‘இரவுப் படப்பிடிப்பு’ என்னும் பழகிய தொடரே போதும்.