கல்லறைக் கொடி எங்கே தயாரானது? டெண்டரைப் பாருங்கள்

மே மாதக் கடைசித் திங்கள்கிழமை அமெரிக்காவில், போரில் இறந்த படைவீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே. அதையொட்டி எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் முன்னாள் படைவீரர்களின் கல்லறையில் குச்சியில் மாட்டிய சின்னக் கொடி நட்டிருக்கும். உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு மே 30 அன்று மலர் தூவச் சொல்லி 1868-இல் ஜெனரல் ஜான் லோகன் போட்ட உத்தரவிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறையில் ராணுவத்தினரே கொடி நடுகிறார்கள். நான் வேலை பார்க்கும் பென்சில்வேனியாவில், ஊர்ப்புறக் கல்லறைகளுக்குக் கொடி வாங்கித் தருவது கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகம்) சட்டக் கடமை. நடுகிற வேலையை முன்னாள் வீரர் சங்கத்தினரும் சாரணப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள். வாங்குகிற வேலை எங்களைப் போன்ற கொள்முதல் பிரிவுக்காரர்களுடையது.

ஒரு வீரர் இறந்தால் சவப்பெட்டி மேல் போர்த்த 5 அடிக்கு 9½ அடி கொடியை மத்திய அரசு தருகிறது. மத்திய அரசு வாங்கும் கொடி முழுக்க அமெரிக்கப் பொருளில், அமெரிக்காவிலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் எல்லாக் கொடிகளுக்கும் இந்தக் கட்டாயம் இருக்கவில்லை. ஆனால் அதே வீரரின் கல்லறையில் வருஷா வருஷம் நடும் கொடியைக் கவுண்டி வாங்குகிறது. அந்தச் சட்டம் கவுண்டியைக் கட்டுப்படுத்தாது. இறக்குமதியாகும் அமெரிக்கக் கொடிகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அப்படி வந்த கொடியை அந்த வீரரின் கல்லறையில் நடுவது தகாது என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் போக வேண்டும் என்பது விதி. '12-க்கு 18 அங்குலம், மரக்குச்சி, இத்தனை கிராஸ்' என்று மட்டும் கேட்டால் (ஒரு கிராஸ் என்பது 144), மலிவான இறக்குமதிக் கொடியைத் தள்ள அதிகாரிக்கு வழியில்லை. உள்நாட்டுக் கொடிதான் வேண்டும் என்று, கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. அது டெண்டர் விவரக்குறிப்பில் ஏற வேண்டும். ஒரு கொடிக்கு வித்தியாசம் சில்லறைக் காசுதான். ஆயிரக்கணக்கில் வாங்கும்போது பட்ஜெட்டில் அது தெரியும், மறுக்கவில்லை. அதைக் குறைக்கப் பக்கத்துக் கவுண்டிகளோடு சேர்ந்து வாங்கலாம்.

எழுதும்போதும் விவரமாக எழுத வேண்டும். 'அமெரிக்கத் தயாரிப்பு' என்று பொதுவாக விட்டால், வெளிநாட்டில் அச்சடித்த துணியை இங்கே குச்சியில் மாட்டிக் கொடுத்து வாதாடுகிறவர்கள் உண்டு. துணி, நெசவு, அச்சு, தையல், குச்சி, அதன் நுனியில் இருக்கும் பொன்னிற ஈட்டிமுனை எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. தயாரிப்பாளரிடமிருந்து எழுத்துப்பூர்வ சான்றும் கேட்க வேண்டும். கொடி உற்பத்தியாளர் சங்கத்தின் சான்று முத்திரை உள்ளவை கிடைக்கின்றன, அதையே நிபந்தனையாக வைக்கலாம். மாதிரிக் கொடி வந்ததும் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சிவப்பு இறங்கினால் முதல் மழையிலேயே வெள்ளைப் பட்டைகள் ரோஸ் நிறமாகிவிடும்.

சரக்கு வந்ததும் மேலாக இருக்கும் பெட்டியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்து, கொடியிலும் பெட்டியிலும் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மாதிரி ஒரு தினுசு, வந்த சரக்கு வேறு தினுசு என்பது இந்தத் தொழிலில் சகஜம். ஏப்ரல் கடைசியில் அது தெரிந்தால் திருப்பி அனுப்ப நேரமில்லாமல் அதையே நட வேண்டி வரும். அதனால் குளிர்காலத்திலேயே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே வீடு வாங்கிச் சொத்து வரி கட்டும் நம் தமிழர்களுக்கும் இதில் கேட்க உரிமை உண்டு. கமிஷனர்கள் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். "கல்லறைக் கொடி டெண்டரில் தயாரிப்பு நாடு பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். தகவல் கேட்கும் சட்டத்தின்கீழ் டெண்டர் நகலையும் கேட்டு வாங்கலாம். ஆனால் மே மாதம் போய்க் கேட்டால் பயனில்லை, கொடிகள் அப்போது கிடங்கில் இருக்கும். எங்கள் கவுண்டிகள் டிசம்பர் 31-க்குள் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும். வரைவுப் பட்ஜெட்டை மக்கள் பார்வைக்கு வைக்கும் நேரத்தில் போய்க் கேளுங்கள்.