தெருக்குழந்தை: தொகைக்குள் மறைந்திருக்கும் வேற்றுமை

‘ஸ்ட்ரீட் சில்ட்ரன்’ என்பதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் தமிழ் ‘தெருக்குழந்தைகள்’. தெருவோரக் குழந்தைகள், சாலையோரச் சிறார் என்றும் எழுதுகிறோம். இலங்கைத் தமிழில் ‘வீதிச் சிறுவர்’ என்பார்கள். எல்லாம் நல்லெண்ணத்தோடு வந்த சொற்கள்தான். ஆனாலும் ‘தெருக்குழந்தை’ என்று யாராவது சொல்லும்போது பக்கத்திலேயே ‘தெருநாய்’ என்ற சொல்லும் எனக்குக் கேட்கிறது. தெருவிளக்கு, தெருக்கூத்து என்றால் அப்படி ஒன்றும் தோன்றுவதில்லை. உயிருள்ள ஒன்றுக்கு முன்னால் ‘தெரு’ வந்து உட்கார்ந்தால் மட்டும் ‘கேட்க நாதியில்லாதது’ என்ற பொருளும் கூடவே ஏறிக்கொள்கிறது.

மற்ற மொழிகளிலும் இதே கதைதான். இந்தப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் முன்பு ‘வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்’ என்றார்கள். ‘வெய்ஃப்’ என்றால் உரியவர் யாரென்று தெரியாமல் கிடக்கும் பொருள். ‘ஸ்ட்ரே’ என்றால் வழிதவறித் திரியும் கால்நடை. இடைக்கால இங்கிலாந்தில் உடைமை பற்றிய சட்டச் சொற்களாக இருந்த இரண்டும் பிற்பாடு பிள்ளைகள் தலையில் ஏறின. 1881-இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் தொடங்கிய குழந்தைகள் நலச் சங்கத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருந்தது. ரஷ்யர்களின் ‘பெஸ்ப்ரிஸோர்னிக்’ என்பதற்கு ‘கவனிக்க ஆளில்லாதவன்’ என்று பொருள். உள்நாட்டுப் போரும் 1921-இன் பஞ்சமும் லட்சக்கணக்கான பிள்ளைகளைத் தெருவுக்குத் தள்ளிய காலத்தில் எங்கும் கேட்ட சொல் அது. நம்மிடம் புழங்கும் ‘அநாதை’ வடமொழி வழி வந்தது, ‘நாதன் இல்லாத’ என்ற பொருளில். இத்தனை சொற்களும் அந்தப் பிள்ளையிடம் இல்லாததை வைத்தே பெயர் சூட்டுகின்றன. அதுவும் பல நேரம் உண்மைக்குப் புறம்பாக. தெருவில் நாம் பார்க்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். சிலர் குடும்பத்தோடேயே நடைபாதையில் வாழ்கிறார்கள்.

இலக்கணம் தெரிந்தவர்களுக்கு அடுத்த விஷயம் சுவையாக இருக்கும். ‘தெருக்குழந்தை’ ஒரு வேற்றுமைத்தொகை. உருபு மறைந்து நிற்கிறது. அதை விரித்தால் என்ன வரும்? ‘தெருவினது குழந்தை’ என்றால் ஆறாம் வேற்றுமை. தெருவுக்கே உரிய குழந்தை, அதற்கு வேறு வீடில்லை. ‘தெருவின்கண் குழந்தை’ என்றால் ஏழாம் வேற்றுமை. பகலெல்லாம் தெருவில் பூவோ பேனாவோ விற்றுவிட்டு இரவில் வீட்டுக்குத் திரும்பும் குழந்தை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் 1980-களில் யுனிசெஃப் ‘சில்ட்ரன் ஆஃப் த ஸ்ட்ரீட்’, ‘சில்ட்ரன் ஆன் த ஸ்ட்ரீட்’ என்று இரு வகை சொன்னது. அவர்கள் ஒரு முன்னிடைச்சொல்லை மாற்றிக் காட்டிய வேறுபாட்டை நாம் தொகையாக்கி மூடிவிட்டோம். இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. இரவில் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்குப் படுக்கை தேவையில்லை. அதன் வருமானம் இல்லாமலே அடுப்பெரிய வீட்டுக்கு உதவி தேவை. அதைப் பிடித்துக் கொண்டுபோய் விடுதியில் சேர்த்தால் இருந்த குடும்பத்தையும் பறித்ததாகிவிடும்.

அந்தப் பிரிவும் போதவில்லை. கோடையில் வீட்டில், மழையில் ரயில் நிலையத்தில், சண்டை வந்தால் மூன்று மாதம் நண்பர்களோடு என்று பிள்ளைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். 2017-இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு தன் 21-ஆவது பொதுக் கருத்துரையில் பழைய பெயர்களை விட்டுவிட்டு, வாழவோ பிழைக்கவோ தெருவைச் சார்ந்திருக்கும் பிள்ளைகளையும், அன்றாட வாழ்வில் தெருவோடும் பொது இடங்களோடும் ஆழமான பிணைப்புள்ள பிள்ளைகளையும் சேர்த்து ஒரே பெயரில் சொன்னது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தெருச் சூழ்நிலைகளில் உள்ள குழந்தைகள்’. வாயில் நுழையாது.

என் பரிந்துரை ‘தெருவை நம்பி வாழும் பிள்ளைகள்’. மழையை நம்பி, நிலத்தை நம்பி என்று நாம் சொல்வது போலத்தான். பிழைப்பும் வருகிறது, சார்பும் வருகிறது, அந்தப் பிள்ளையின் முயற்சியும் வருகிறது. ஏன் ‘பிள்ளை’? சட்டப்படி 18 வயதுவரை குழந்தைதான். ஆனால் அரும்பு மீசை வைத்த 16 வயதுப் பையனைக் குழந்தை என்று கூப்பிட்டுப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வான். ‘சிறுவர்’ என்றால் பலருக்கு ஆண்பிள்ளைகள் மட்டுமே நினைவுக்கு வருவார்கள். தெருவில் கண்ணுக்குப் படாமல் மறைந்து வாழும் பெண்பிள்ளைகள் சொல்லிலும் மறைந்துவிடுவார்கள். தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஒன்பது இளமைப் பெயர்களில் ‘பிள்ளை’யும் ஒன்று. தென்னங்கன்றைக்கூட நாம் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். வளரப்போகும் எதற்கும் பொருந்தும் சொல்.

சரி, ‘ஷெல்டர்’? கேடயங்களை அடுக்கி நிற்கும் படையணியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்பார்கள். தமிழில் காப்பகம், புகலிடம் இரண்டும் புழங்குகின்றன. நான் பார்த்தவரை இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள், அது சரியில்லை. காப்பகம், காவல் இரண்டுக்கும் ‘கா’ என்பதே வேர். தெருவில் விரட்டப்பட்டுப் பழகிய பிள்ளைக்குப் பூட்டிய வாசல் எந்தப் பெயரில் இருந்தாலும் காவல்தான். ‘புகல்’ என்பது ‘புகு’ என்ற வேரிலிருந்து வருவது. உள்ளே வருவது அவன் கால், அவனாகப் புகவேண்டும்.

களத்தில் வேலை செய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். புகலிடத்துக்குப் புதிதாக வந்த பையன் முதல் நாள் ராத்திரி, விரித்த மெத்தையை விட்டுவிட்டுக் கதவோரத் தரையில் சுருண்டு படுப்பான். செருப்பு தலைக்கடியில் இருக்கும், திருட்டுப்போகாமலிருக்க. விளக்கை அணைக்காதீர்கள் என்பான். கட்டிலுக்கு வந்து சேர ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். நடுவில் இரண்டு முறை போய்விட்டுத் திரும்பியும் வரலாம். அதனால்தான் விருப்பம்போல வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கிப் போகும் இடத்தை ‘ஓப்பன் ஷெல்டர்’ என்கிறார்கள். அதைத் ‘திறந்தவெளிப் புகலிடம்’ என்று பெயர்த்தால் கூரை இல்லாத இடம் என்று பொருளாகிவிடும்! ‘திறந்த புகலிடம்’ போதும். நெடுங்காலம் தங்கி வளரும் இடத்துக்கு ‘இல்லம்’ நல்ல சொல்.

‘ஸ்கில் டிரெயினிங்’ என்பதைத் ‘திறன் பயிற்சி’ என்கிறோம். ‘ஸ்கில்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல், அங்கே அதன் பொருள் பகுத்தறிதல். அந்தப் பொருளில் பார்த்தால் இந்தப் பிள்ளைகளிடம் திறன் ஏற்கெனவே நிறைய உண்டு. சிக்னல் மாறுவதற்குள் சில்லறை எண்ணித் தருவார்கள், ஆள் முகம் பார்த்தே யார் வாங்குவார் என்று சொல்வார்கள். அவர்களுக்கு வேண்டியது தொழிற்பயிற்சி: தச்சு, மின்வேலை, தையல், கணினி என்று ஊதியம் தரும் ஒரு தொழிலை முறையாகக் கற்பது. அதற்கும் வயது உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆவது உடன்படிக்கை (1973) வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்று வைக்கிறது. பத்து வயதுப் பிள்ளையைப் பட்டறையில் விட்டுவிட்டு ‘பயிற்சி’ என்று பெயர் வைத்தால் அது குழந்தை உழைப்புதான்.

அந்த வயதுக்கு உரியது பள்ளி. நான்கு ஆண்டு விட்டுப்போன பிள்ளையை நேரே வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைக்க முடியாது. இடைவெளியை நிரப்பும் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ வேண்டும். ‘பாலப் படிப்பு’ என்றால் பாலர் படிப்பு என்று காதில் விழும். ‘இணைப்புக் கல்வி’ தெளிவு. அப்புறம் சேர்க்கைப் படிவம் வரும். பிறப்புச் சான்றிதழ் கேட்கும், முகவரி கேட்கும். சான்றிதழைப் பெற்றுத்தரும் பொறுப்பு புகலிடத்துடையது. முகவரிக் கட்டத்தில் புகலிடத்தின் கதவு எண்ணையே எழுதலாம். குறிப்புகள் கட்டத்தில் சிலர் அக்கறையாக ‘தெருக்குழந்தை’ என்று எழுதிவிடுகிறார்கள். அதை வெற்றாக விடுங்கள்.