சொந்த ஒயினோடு கப்பல் ஏறுகிறீர்களா? பரிமாறுபவன் சொல்வதையும் கேளுங்கள்

“பாட்டில் எங்களுடையது. அதைத் திறந்து ஊற்றுவதற்கு எதற்குப் பதினைந்து டாலர்?”

சொகுசுக் கப்பலின் உணவுக்கூடத்தில் ஒயின் பரிமாறுவது என் வேலை. அனேகமாக ஒவ்வொரு பயணத்தின் முதல் இரவிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேள்வியில் தப்பில்லை, கேட்கிற நேரம்தான் தப்பு. அன்று அவர்களுக்குத் திருமண நாளாக இருக்கும், சுற்றிலும் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நான் எவ்வளவு பணிவாக விளக்கினாலும் அவருக்கு அது அவமானமாகத்தான் படும். அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

எல்லாக் கப்பலிலும் ஒரே விதி கிடையாது. கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா போன்ற கம்பெனிகள் குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயினோ ஷாம்பெயினோ ஒரு பாட்டில் கொண்டுவர விடுகின்றன. அதுவும் ஏறுகிற நாளில், முத்திரை உடையாமல். நார்வீஜியன் கப்பல்களில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பாட்டிலுக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பாட்டிலுக்கு 30 டாலர் கட்ட வேண்டும். கேபினுக்குள்ளேயே குடித்தாலும் அதே கணக்குதான். வைக்கிங் கப்பல்களில் கட்டணமே இல்லை. எம்எஸ்சி கப்பல்களில் வெளி மது ஏற்றவே முடியாது. நம் சென்னைத் துறைமுகத்துக்கு 2022இல் வந்த கோர்டீலியா கப்பலிலும் அப்படித்தான். அதில் போகிறவர்கள் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். விஸ்கி, ரம், வோட்கா எல்லாம் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் எதிலும் நடக்காது.

வயது வரம்பும் புறப்படும் இடத்தைப் பொறுத்தது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பினால் 21, சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் பொதுவாக 18. கல்லூரி முதல் வருடம் படிக்கும் மகனின் பங்கையும் சேர்த்து நாலு பாட்டிலோடு மயாமியில் வந்து நிற்கும் அப்பாக்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்த விதிகளைக் கம்பெனிகள் அடிக்கடி மாற்றுகின்றன. பயணச்சீட்டு ஒப்பந்தத்தில் உள்ள மது விதியைக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

பாட்டில் கைப்பையில்தான் இருக்க வேண்டும். போர்ட்டரிடம் கொடுக்கும் பெட்டிகள் வண்டியில் அடுக்கப்பட்டு, எக்ஸ்ரே வழியாகப் போய், சாயங்காலம்தான் கேபின் வாசலுக்கு வரும். உள்ளே பாட்டில் தெரிந்தால் பெட்டி கீழ்த்தளத்தில் செக்யூரிட்டி அறையிலேயே நின்றுவிடும். மாற்றுத் துணியெல்லாம் அதற்குள் இருக்க, விமானத்தில் போட்டுவந்த ஜீன்ஸோடு முதல் இரவு விருந்துக்கு வருபவர்களை நாங்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவோம். மவுத்வாஷ் பாட்டிலில் ஜின், ஷாம்பூ டப்பாவில் ரம் என்பதெல்லாம் ஸ்கேனருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பழைய கதை. பிடிபட்டால் சரக்கு திரும்பி வராது. அதற்கு மேலும் வம்பு செய்தால் பயணியை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடவும் ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது.

இப்போது அந்தப் பதினைந்து டாலருக்கு வருவோம். கார்க்கேஜ் என்று பில்லில் வரும் அந்தக் கட்டணம் கம்பெனியைப் பொறுத்து 15, 20, சில இடங்களில் அதற்கும் மேல். வெளியே வாங்கிய பாட்டிலைப் பொது உணவுக்கூடத்தில் குடிப்பதற்கான சேவைக் கட்டணம் அது. கண்ணாடிக் கோப்பைகள், ஐஸ் வாளி, தேவைப்பட்டால் ஒயினை வடித்து ஊற்றும் டிகேன்டர் குடுவை, உங்கள் மேசைக்கு நாலைந்து முறை வந்து ஊற்றும் ஆள், மிச்சத்தைக் கேபின் எண் எழுதி மறுநாள் வரைக்கும் பத்திரமாக வைப்பது எல்லாம் அதில் அடக்கம். கல்யாண மண்டபத்துக்கு நாமே சமையல்காரரைக் கூட்டிப்போனாலும் பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் வாடகை கொடுக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. கேபினில் குடித்தால் பல கம்பெனிகளில் அனுமதிக்கப்பட்ட முதல் பாட்டிலுக்குக் கட்டணம் இல்லை. கார்க் திருகி வேண்டுமென்றால் கேபின் ஸ்டூவர்டைக் கேளுங்கள், கிடைக்கும்.

எனக்கு மனத்தாங்கல் வரும் இடம் வேறு. சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பலகையைப் பார்த்ததும், “தம்பி நம்ம ஊரா?” என்று ஆரம்பிப்பார்கள். சந்தோஷம்தான், கடலில் தமிழ் கேட்டால் யாருக்குத்தான் இனிக்காது? ரெண்டு நிமிஷத்தில் அடுத்தது வரும்: “இந்த கார்க்கேஜ் எல்லாம் போடாதப்பா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க. கடைசி நாள் உன்னைத் தனியா கவனிச்சுக்கிறோம்.”

அந்தத் தம்பி அட்ஜஸ்ட் செய்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது. உணவுக்கூடத்தில் திறக்கப்படும் ஒவ்வொரு பாட்டிலும் கேபின் எண்ணோடு கணினியில் ஏற வேண்டும். மேசையில் பாட்டில் நின்று பில்லில் அதற்கான பதிவு இல்லாவிட்டால், அன்று இரவே மேலாளர் கேட்பார். சிறிய தொகையாக இருந்தாலும் கணக்கில் அது கம்பெனி வருமானத்தை மறைத்தது. எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை வரும். அது சேர்ந்தால் அடுத்த ஒப்பந்தம் வராது. ஆறேழு மாத ஒப்பந்தத்தில், வீட்டுக் கடனையும் தங்கை படிப்பையும் தலையில் வைத்துக்கொண்டு ஏறியவன் அவன். உங்களிடம் முடியாது என்று சொல்லவும் அவனுக்கு நாக்கு வராது, நீங்கள் விருந்தாளி, அதிலும் ஊர்க்காரர். அவனை அந்த இக்கட்டில் நிறுத்துவதுதான் என் கணக்கில் பெரிய மரியாதைக் குறைவு. எந்தக் கையால் கோப்பையைப் பிடிப்பது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சில இரவுகளில் மேலாளரே பிறந்தநாள், மணிவிழா என்று தெரிந்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதுண்டு. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டு வாங்க வேண்டாம்.

எந்த பாட்டிலைக் கொண்டுவருவது? காசு மிச்சம் என்று நினைத்துக் கடையில் பத்து டாலருக்குக் கிடைக்கும் ஒயினைச் சுமந்து வருபவர்கள்தான் அதிகம். பத்தோடு கார்க்கேஜ் 15ஐயும் அதன்மேல் ஏறும் சேவைத்தொகையையும் சேர்த்தால், கப்பலின் ஒயின் பட்டியலில் உள்ள விலை குறைந்த பாட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதிலும் பட்டியலில் இருக்கும் அதே ஒயினைக் கொண்டுவந்து மேசையில் வைப்பது உணவுக்கூடங்களில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. பட்டியலைக் கம்பெனியின் செயலியிலேயே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் கிடைக்காத, உங்களுக்கு ஏதோ ஒரு காரணம் உள்ள பாட்டிலுக்குத்தான் இந்தச் சலுகை பொருந்தும். மகள் பிறந்த வருடத்து ஒயின், தேனிலவில் நாசிக் திராட்சைத் தோட்டத்தில் வாங்கி வைத்தது, இப்படி. நாசிக் ஒயினைக் கண்டால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியச் சகாக்கள் ஆர்வமாக வந்து லேபிளை வாசிப்பார்கள். ஒரு வாய் கொடுக்க உங்களுக்குத் தோன்றும். பணிநேரத்தில் நாங்கள் குடிக்கக் கூடாது, மறுத்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பத்து வருடத்துக்கு மேல் பழைய சிவப்பு ஒயின் என்றால் தயவுசெய்து முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதன் அடியில் வண்டல் படிந்திருக்கும். விமானத்திலும் வண்டியிலும் குலுங்கி வந்த பாட்டிலை அன்றைக்கே திறந்தால் கலங்கலாக, கசப்பாக இருக்கும். கப்பலின் என்ஜின் அதிர்வு வேறு. ஒன்றிரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, மெதுவாக டிகேன்டரில் வடித்தால்தான் அதன் ருசி தெரியும். வெள்ளை ஒயினையும் ஷாம்பெயினையும் மதியமே கொடுத்துவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்குக் குளிர்ந்து தயாராக இருக்கும். கேபினில் இருக்கும் சிறு பெட்டி உண்மையான ஃப்ரிட்ஜ் மாதிரிக் குளிர்விக்காது. பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள், கரீபியன் வெயிலில் ஒரு மதியம் போதும், ஒயின் வெந்துவிடும்.

மேசைப் பழக்கம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெரியாதவர்களோடு உட்கார வைக்கப்பட்டால் ஒருமுறை வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். “ஒரு வாய்தானே” என்று இரண்டாம் முறை வற்புறுத்துவது, அதுவும் குடிக்காத குடும்பத்தை, மேசையையே கெடுத்துவிடும். தாத்தா பாட்டியோடு வரும் நம் குடும்பங்களில் இன்னொன்று நடக்கும். மருமகன் எழுந்து வந்து என் காதோடு, “கோக் டம்ளரில் ஊற்றிக் கொடுங்க” என்பார். செய்து கொடுப்பேன், அதில் எந்த விதிமீறலும் இல்லை. தாத்தாவுக்குத் தெரியாது என்று அவர் நம்புவதுதான் எனக்கு வேடிக்கை.

டிப்ஸ் குறித்துக் குழப்பம் வேண்டாம். பானங்களுக்கான பில்லில் 18 முதல் 20 சதவீதம் சேவைத்தொகை தானாகவே சேர்ந்துவிடும். கார்க்கேஜுக்கு அந்தச் சதவீதம் விழும்போது மிகச் சிறிய தொகைதான் வரும். பழைய ஒயினை வடித்து, இரண்டு இரவு பார்த்துக்கொண்ட ஆளுக்குத் தனியாக ஐந்து டாலர் வைப்பது நல்ல பழக்கம். வைக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.

கப்பல் ஆடும் என்று பயந்து அவோமின் போட்டுக்கொண்டு வருபவர்கள் அன்றைக்கு ஒயினைத் தொடாதீர்கள். வாந்தியை நிறுத்தும் அந்த வகை மாத்திரைகளே தூக்கம் வரவைப்பவை. மது சேர்ந்தால் ஆடும் தளத்தில், ஈரப் படிக்கட்டில் கால் நிற்காது. நீச்சல் குளத்துப் பக்கம் கண்ணாடி பாட்டிலோ கோப்பையோ கொண்டுபோகக் கூடாது, அங்கே எல்லோரும் வெறுங்காலில் நடக்கிறார்கள்.

வழியில் துறைமுகங்களில் வாங்கும் பாட்டில்களைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, ரசீது தந்து, கடைசி இரவு கேபினுக்கு அனுப்பும். கப்பலின் சொந்த டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியதும் பொதுவாக இப்படித்தான் வரும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங் என்று போய்வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியத் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூருக்குள் வருபவர்களுக்கு மதுவில் வரிச்சலுகை கிடையாது, ஒரு பாட்டிலானாலும் சுங்கத்தின் சிவப்பு வாசலில் அறிவித்து வரி கட்ட வேண்டும். சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்துவிட்டு வேறு நாட்டிலிருந்து வருபவர்களுக்குத்தான் சலுகை. சென்னைக்குத் திரும்புகிறவர்கள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறும்போது வாங்கிக்கொள்வது தலைவலி இல்லாதது. இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லை. 750 மில்லியில் இரண்டு பாட்டில் அடங்கும், மூன்றாவது அடங்காது.